அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்?

கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் இருபது வருடத்துக்கும் மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கோர்ட் வராந்தாவில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "நம்ம கேஸை எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க?" அதற்கு அடுத்தது, "நம்ம வக்கீல் யாரு தம்பி, எங்க இருக்காரு?"

இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் போலீஸில் புகார் கொடுத்தவராக இருப்பார். வரப்புத் தகராறில் மண்டை உடைந்தவர், சீட்டு கட்டி ஏமாந்தவர், திருவிழாக் கூட்டத்தில் சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா. காசு கொடுத்து வக்கீல் வைத்திருக்க மாட்டார்கள். "அரசாங்கமே வக்கீல் வைக்கும், நீங்க வந்து சாட்சி சொன்னா போதும்" என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் தேடுவது அரசு உதவி வழக்கு நடத்துநரை. கோர்ட் பேச்சில் ஏபிபி. அவரோ உள்ளே கை கொள்ளாத கட்டுகளோடு நின்றுகொண்டிருப்பார். இவர்கள் முகம் அவருக்குத் தெரியாது. கட்டைப் பிரித்தால் 'அ.சா.1' என்று இருக்கும். அரசுத் தரப்புச் சாட்சி ஒன்று. மண்டை உடைந்த மனிதருக்கு அந்த வழக்கில் பெயரே அதுதான்.

அந்த நேரத்தில் அவர்கள் முகம் வாடுவதைப் பக்கத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். அரசு வக்கீல் எங்கே பேசுவார், எங்கே பேசவே மாட்டார், எங்கே நமக்கு எதிராகவே நிற்பார் என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி மனக்கஷ்டம் குறைந்திருக்கும்.

முதலில் வழக்கின் தலைப்பைப் பாருங்கள். "அரசு, காவல் ஆய்வாளர் மூலம், எதிர் இன்னார்" என்றுதான் எழுதியிருக்கும். புகார் கொடுத்தவர் பெயர் தலைப்பில் இராது. அடிபட்டது ஒருவர் என்றாலும், மீறப்பட்டது எல்லோருக்கும் பொதுவான சட்டம். ஆகவே வழக்காடுவது அரசு. இதில் நமக்கு நன்மை உண்டு. எதிராளி பண்ணையார், நம்மிடம் பஸ் காசுகூட இல்லை என்றாலும் வழக்கு நடக்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு: வழக்கின் கடிவாளம் நம் கையில் இராது.

சரி, ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம். கற்பனைதான்; ஆனால் டெல்டாவில் யாரும் "இப்படியெல்லாம் நடக்காது" என்று சொல்ல மாட்டார்கள். பாபநாசம் பக்கத்தில் பத்து மா நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்றதும் குறுவைக்கு மூன்று மூட்டை விதைநெல் வாங்குகிறார். சான்று பெற்ற விதை, மூட்டையில் நீல அட்டை தொங்குகிறது. நெல்லில் சான்று விதை என்றால் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும் என்பது கணக்கு. இவருடைய நாற்றங்காலில் பாதிகூடத் தேறவில்லை. கடைக்குப் போய்க் கேட்டால், "தண்ணிய நீங்க சரியா வடிக்கலை" என்கிறார் கடைக்காரர்.

இவர் தட்டக்கூடிய கதவுகள் மூன்று: போலீஸ் ஸ்டேஷன், விதை ஆய்வாளர், நுகர்வோர் ஆணையம். ஒரே விதை, ஒரே நஷ்டம். ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் நடப்பது வேறு.

போலீஸ் கதவு

ஸ்டேஷனில் முதலில் கேட்கும் வார்த்தை, "இது சிவில் மேட்டருங்க" என்பதாக இருக்கலாம். எரிச்சலாக இருந்தாலும், பல சமயம் அதில் சட்டம் இருக்கிறது. வாங்கிய பொருள் கெட்டுப்போவது மட்டும் மோசடி ஆகாது. கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். முளைக்காது என்று தெரிந்தே விற்றாரா, பழைய நெல்லைப் புது மூட்டையில் போட்டு அட்டையை மாற்றிக் கட்டினாரா? அப்படியென்றால் அது குற்றம். நாம் இன்னும் 'ஃபோர் ட்வென்ட்டி' என்று திட்டுகிறோமே, அந்த 420ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆகிவிட்டது. தண்டனை ஏழு ஆண்டு வரை. திட்டுவதற்கு மட்டும் 420தான் வாகாக இருக்கிறது.

புகாரில் குற்றம் தெரிகிறது, ஆனாலும் பதிவு செய்ய மறுக்கிறார்கள் என்றால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் அசையவில்லையா, பிரமாண வாக்குமூலத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். எஃப்ஐஆர் போட்டுவிட்டால் அதன் நகல் இலவசம். புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். கேட்காதவருக்குத் தேடிவந்து யாரும் சொல்வதில்லை.

இதுவரை அரசு வக்கீல் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? புலனாய்வு முழுக்கப் போலீஸ் கையில். ஏபிபி சாட்சியைத் தேடிப் போக மாட்டார், விதை மூட்டையைக் கைப்பற்ற மாட்டார், யாரையும் கைது செய்யச் சொல்ல மாட்டார். அவர் கல்யாணச் சமையல்காரர் மாதிரி. வந்து இறங்கிய மளிகையையும் காய்கறியையும் வைத்துத்தான் சமைக்க முடியும். பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் மகஜரில் தேதி தப்பாக இருந்தால், அட்டையில் உள்ள லாட் நம்பரை, அதாவது குவியல் எண்ணைக் குறிக்காமல் விட்டிருந்தால், அந்த உப்பில்லாக் குழம்பை அவர்தான் நீதிபதி முன்னால் பரிமாறியாக வேண்டும். வெளியே வந்ததும் "அரசு வக்கீல் விட்டுட்டாரு" என்பார்கள். பல நேரம் விட்டது வேறொருவர், ஒரு வருடத்துக்கு முன்னால்.

போலீஸ் வேறு, வழக்கு நடத்துபவர் வேறு என்று பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. பிடித்தவரே வாதாடினால், பிடித்தது சரிதான் என்று நிரூபிப்பதிலேயே குறியாக இருப்பார். அரசு வக்கீல் எப்படியாவது தண்டனை வாங்கித் தரவேண்டியவர் இல்லை. உண்மையைக் கோர்ட் முன் வைக்க வேண்டியவர், அது எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமாக இருந்தாலும்கூட. தண்டனைக்காகத் தாகம் கொண்டு அலைவது அவர் வேலையில்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1999இல் ஷிவ் குமார் வழக்கில் அழுத்திச் சொன்னது. அடிபட்டு வந்தவரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். அவர் தம்பியே ஒருநாள் பொய்க் கேஸில் மாட்டினால் அப்போது புரியும்.

சாட்சி விசாரணைதான் இந்த வேலையின் உயிர். கூண்டில் ஏறியதும் முதலில் ஏபிபி கேட்பார்: எப்போது வாங்கினீர்கள், யாரிடம், எவ்வளவு கொடுத்தீர்கள். இது முதல் விசாரணை. இதில் அவர் பதிலை வாயில் ஊட்டக் கூடாது, "ஜூன் பதினாலாம் தேதிதானே வாங்கினீங்க?" என்று கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிடுவார். அப்புறம் எதிரியின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். அவருக்கு அந்தத் தடை கிடையாது. இதற்கு நடுவில்தான் பிறழ் சாட்சி வருகிறார். ஸ்டேஷனில் ஒன்று சொல்லி, கூண்டில் "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்பவர். ஊர் சிறியது, கடைக்காரர் பெண் கொடுத்த வகையில் உறவு, கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒரே மண்டகப்படி. நம் பக்கத்தில் வழக்குகள் இப்படித்தான் கரைகின்றன. அந்த நிமிடம் ஏபிபி கோர்ட் அனுமதி வாங்கித் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

சாட்சி நாளன்று சீக்கிரமே போய்விடுங்கள். ஏபிபியிடம் "நான்தான் அ.சா.1" என்று அறிமுகம் செய்துகொண்டு, போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் கழித்து நடக்கும் விசாரணையில் தேதி மறந்துபோவது மனித இயல்பு.

அரசு வக்கீல்களுக்குள் படிவரிசையும் உண்டு. நடுவர் நீதிமன்றத்தில் ஏபிபி. டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதிக் குற்ற வழக்கு தொடர்வுத் துறைக்கு வந்த அரசு ஊழியர். மோசடி வழக்கு இங்கேதான் நடக்கும். கொலை போன்றவை போகும் செஷன்ஸ் கோர்ட்டில் நிற்பவர் பிபி, அதாவது பப்ளிக் பிராசிக்யூட்டர். குறைந்தது ஏழு ஆண்டு வக்கீலாக இருந்தவர்களிலிருந்து, செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொண்டு கலெக்டர் தயாரிக்கும் பெயர்ப் பட்டியல் வழியாக அரசு நியமிப்பது. ஆட்சி மாறினால் பிபியும் மாறுவது ஊரறிந்த விஷயம். அதைப் பற்றிக் கோர்ட் டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு கதை கிடைக்கும். தனி வழக்குக்கென்று சிறப்பு அரசு வக்கீல் வைத்தால் அவருக்குப் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும்.

உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் நம் டெல்டாவுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு 2004இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம் வழக்கு சென்னைக்குப் போகும். கும்பகோணத்துக்காரர் மதுரை பஸ் ஏறும்போது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் குடவாசல்காரர் சென்னை ரயில் ஏறுவார். இரண்டு இடத்திலும் அரசுக்காகக் குற்ற வழக்கில் நிற்பது உயர் நீதிமன்ற அரசு வக்கீல்கள்.

இந்த நடைமுறை எவ்வளவு நீளும் என்பதற்கு எங்கள் ஊரைவிட வேறு சாட்சி வேண்டாம். 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலை 30. பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொரு பேருக்கு விடுதலை. 2017இல் மதுரைக் கிளை மேலும் சிலரை விடுவித்தது, தண்டனையைக் குறைத்தது. அரசுத் தரப்பு 'தீ பிடித்தது, குழந்தைகள் இறந்தார்கள்' என்று காட்டினால் போதாது. ஒவ்வொரு எதிரியும் தனித்தனியே என்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். அந்தப் பெற்றோர்களில் யாரிடமும் உட்கார்ந்து இதை விளக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றுமே இல்லையா என்றால், முன்பைவிட இப்போது இருக்கிறது. அரசு வக்கீலுக்கு உதவியாகச் சொந்த வக்கீல் வைத்துக்கொள்ளக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். அவர் தனி ஆவர்த்தனம் செய்ய முடியாது, அரசு வக்கீல் சொற்படி நடக்க வேண்டும், கடைசியில் எழுத்து வாதம் கொடுக்கலாம். அரசு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தால் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கக் கூடாது என்பது 2023இல் போட்ட அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தில் வந்தது. எதிரி விடுதலையானால், அரசு பேசாமல் இருந்தாலும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்காரர் ஜெயிலுக்குப் போனார் என்றே வைத்துக்கொள்வோம். நம் விவசாயிக்குக் குறுவை திரும்ப வருமா? இழப்பீடு கொடுக்கச் சொல்லக் குற்றவியல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்காகவே ஏற்பட்ட இடம் அது இல்லை.

ஆய்வாளர் கதவு

1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி விதை ஆய்வாளர் கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம். எடுத்த மாதிரியில் ஒரு பங்கு கடைக்காரரிடம், ஒரு பங்கு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு, ஒரு பங்கு வழக்குக்கென்று பத்திரமாக. நாளைக்கு "நீங்க வேற விதையை அனுப்பிட்டீங்க" என்று யாரும் சொல்லக் கூடாதே, அதற்கு. தேறவில்லை என்றால் துறை சார்பில் ஆய்வாளரே நடுவர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார். கோர்ட்டில் அரசுக்காக எழுந்து நிற்பது அதே ஏபிபிதான். முந்தின வழக்கு சங்கிலிப் பறிப்பு, அடுத்த வழக்கு முளைப்புத்திறன். இரண்டுக்கும் ஒரே கறுப்புக் கோட்டு.

இங்கே ஏமாற்றும் எண்ணத்தைத் தேடவேண்டியதில்லை. அறிக்கையில் எண் குறைந்தால் வழக்கு நிற்கும். அதனால் இது போலீஸ் வழக்கைவிடச் சுலபம். ஆனால் 1966இல் போட்ட அபராதம் முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரைதான். அன்றைக்கு அது பணம். இன்றைக்கு ஒரு நடவாள் கூலிக்குக் கிட்டத்தட்ட வரும். உர விஷயத்தில் கை ஓங்கியிருக்கிறது: 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருவதால் சிறைத்தண்டனை ஏழு ஆண்டு வரை போகலாம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று இருக்க, அதற்கு மேல் கேட்டாலோ, "இந்த டானிக்கையும் சேர்த்து வாங்கினாத்தான் யூரியா" என்றாலோ, வேளாண்மைத் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். நாற்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் யாரும் கொடுப்பதில்லை, அது எனக்கும் தெரியும்.

எடைக்கல்லும் பொட்டல விலையும் தொழிலாளர் துறையின் பொறுப்பு. பாலும் பலகாரமும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பேர் வந்ததே பால்மானியில் பார்த்து வாங்கிய பாலால்தான் என்று சொல்வார்கள். அந்த ஊரில் பாலில் தண்ணீர் கலந்தால் எந்தச் சட்டம் என்று கேட்பது நியாயமான கேள்வி. உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பங்காக எடுப்பார். பகுப்பாய்வுக்கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. 'தரம் குறைந்தது' என்று வந்தால் கோர்ட்டுக்கே போகாது, மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் போடுவார். சட்டப்படி 5 லட்சம் வரை போடலாம். 'உண்ணத் தகாதது, உடம்புக்குக் கெடுதல்' என்று வந்தால்தான் குற்ற வழக்கு, ஏபிபி எல்லாம். தண்ணீர் முதல் வகை. யூரியா கலந்தால் இரண்டாவது.

அபராதம் யார் போட்டாலும் பணம் போவது அரசுக் கருவூலத்துக்கு. நம் விவசாயி இன்னும் வெறுங்கையோடுதான் நிற்கிறார்.

நுகர்வோர் கதவு

பணம் திரும்ப வர வழி இங்கேதான். இங்கே அரசு வக்கீல் கிடையாது. நம் வழக்கு, நாமே நடத்த வேண்டும். ஆனால் அதற்குத் தக்கபடி சட்டம் இளக்கி வைத்திருக்கிறது. வக்கீல் இல்லாமல் வாதாடலாம். 2019 சட்டப்படி, வாங்கிய இடத்துக்கு அலையாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நிரூபிக்கும் அளவும் இறங்கிவிடும்: சந்தேகத்துக்கு இடமின்றி என்பதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். கெடு இரண்டு ஆண்டு.

கெடு விஷயத்தில் என் கதையே இருக்கிறது. வீட்டுக்கு வாங்கிய மோட்டார் ஒன்று வாரண்டியில் புகைந்தது. கடைக்காரர் "அடுத்த வாரம் பார்த்துத் தர்றோம்ணே" என்று அன்பாகவே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். கோர்ட் வாசலில் வேலை செய்தவன். நோட்டீஸ் அனுப்ப நேரமில்லை.

'விவசாயி நுகர்வோரா? அவர் நெல்லை விற்றுப் பணம் பண்ணத்தானே விதை வாங்குகிறார்?' என்று விதை நிறுவனங்கள் பல வருடம் வாதாடின. பிழைப்புக்காகத் தன் உழைப்பில் செய்வது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. 2012இல் நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் விவசாயி நுகர்வோர்தான் என்று தீர்த்துவிட்டது. விதைச் சட்டம் இருக்கிறதே, அங்கே போகட்டும் என்ற வாதமும் எடுபடவில்லை. இன்னொரு வாதம், விவசாயி விதையைப் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை என்பது. வாங்கிய விதையை விவசாயி விதைத்துவிடுவார், பின்னால் கேஸ் வரும் என்று எடுத்து வைப்பாரா என்ற நடைமுறை நியாயத்தைக் கோர்ட் ஏற்றது.

தீர்ப்பு அப்படியிருந்தாலும், ஒரு படி விதையை மூட்டையோடும் அட்டையோடும் கட்டி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பில் வாங்குங்கள், 'பில் வேண்டாம்னா அம்பது ரூபா குறைச்சுக்கறேன்' என்பதில் மயங்காதீர்கள். நாற்றங்காலைப் படம் எடுங்கள். முக்கியமாக, வேளாண் விரிவாக்க மையத்தில் எழுதிக் கொடுத்து, அலுவலர் வந்து பார்த்து அறிக்கை தர ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு தாள்தான் "தண்ணியை வடிக்கலை" என்ற பேச்சுக்குப் பதில். இரண்டாவது கதவில் வந்த பரிசோதனை அறிக்கையையும் இங்கே கொண்டுவரலாம். மூன்று கதவும் உள்ளே ஒரே வீடு.

மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வாய்தா என்ற சொல் அங்கேயும் குடியேறிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆணை வந்தபின் கடைக்காரர் பணம் கட்டவில்லை என்றால் சிறைத்தண்டனை மூன்று ஆண்டு வரை உண்டு. வழக்குப் போடுமுன் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. வக்கீல் வேண்டும், வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசம்.

அரசு வக்கீல் இங்கே வரும் சமயம் ஒன்று உண்டு. நீங்கள் வழக்குப் போட்டது அரசுத் துறை மேல் என்றால் வருவார், எதிர்த்தரப்பில். சிவில் வழக்குகளில் அரசுக்கு வாதாடும் ஜிபியோ அவர் அலுவலகத்தாரோ நிற்பார்கள். மோசடி வழக்கில் அரசு நம் பக்கம், இங்கே எதிர்ப்பக்கம் என்று குழம்ப வேண்டாம். அவர் எப்போதும் ஒரே கட்சிக்காரருக்குத்தான், அரசுக்குத்தான், வாதாடுகிறார்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டினால் நுகர்வோர் ஆணையத்துக்கு வராதீர்கள். அங்கே நீங்கள் நெல் விற்பவர், வாங்குபவர் இல்லை. அது லஞ்ச ஒழிப்புத் துறை விஷயம்.

அரசு நமக்காகப் பணம் கேட்கும் இடம்

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன், "அங்கெல்லாம் அட்டர்னி ஜெனரலே மக்களுக்காகக் கம்பெனி மேல கேஸ் போடுவார் மாமா" என்பான். உண்மைதான். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் அவர் தேர்தலில் ஜெயித்து வருபவர். அன்றாடக் குற்ற வழக்குகளை அநேகமாக மாவட்ட அளவில் வேறொரு வக்கீல் பார்த்துக்கொள்ள, இவர் நுகர்வோருக்காக நிறுவனங்களை இழுப்பார். சிகரெட் கம்பெனிகளோடு 1998இல் 46 மாநிலங்கள் பெரிய உடன்பாடு கண்டது அந்த வழியில்.

நம் ஊரில் அரசியல் சட்டத்தின் 165ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கும் அரசு தலைமை வழக்கறிஞர் அந்த வேலையைச் செய்வதில்லை. நுகர்வோர் சட்டம் அரசுக்கு வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது: மத்திய அரசோ மாநில அரசோ மக்கள் சார்பில் தானே முறையீடு போடலாம். 2015இல் மேகி நூடுல்ஸ் விஷயத்தில் மத்திய அரசு 640 கோடி கேட்டுப் போட்டது; 2024இல் தேசிய ஆணையம் தள்ளுபடி செய்துவிட்டது. இன்னொரு வழி, பலரைப் பாதிக்கும் புகாரைக் கலெக்டரிடம் கொடுப்பது. அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். ஒரே குவியல் எண் விதை பத்து கிராமத்தில் பொய்த்தால், மனுநீதி நாளில் பத்துப் பேரும் சேர்ந்து போய்க் கொடுக்க வேண்டிய மனு அது.

தமிழ்நாட்டில் அரசு வக்கீல் 'நம்ம வக்கீல்' என்பதற்கு மிக அருகில் வருவது டெபாசிட் மோசடியில். தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு 1997இல் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், டான்பிட் என்பார்கள். சாதாரண மோசடி வழக்கில் ஆளைப் பிடிப்பார்கள், பணம் கண்ணில் படாது. இந்தச் சட்டத்தில் இரண்டையும் சேர்த்தே துரத்துகிறார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்ததும், நிறுவனத்தின் சொத்தை அரசு ஆணை போட்டு முடக்கும். மாவட்ட வருவாய் அலுவலர் அந்தச் சொத்துக்குப் பொறுப்பேற்று சிறப்பு நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே சிறப்பு அரசு வக்கீல் ஒரு கையில் தண்டனைக்கு வாதாடுவார், தண்டனை பத்து ஆண்டு வரை. மறு கையில் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர வாதாடுவார். ஏலத்தில் வந்த பணம் போட்ட விகிதத்தில் பிரித்துத் தரப்படும். இது செல்லாது என்று நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011இல் தோற்றன.

சிறப்பு நீதிமன்றங்கள் சென்னை, மதுரை, கோவையில். முழுப் பணமும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சொத்து எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான். ஆனால் அந்தப் பங்கு வருவதும் புகார் கொடுத்துப் பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான். எங்கள் தெருவிலேயே ஒரு மாமி, "கேஸ் போட்டா மொத்தமும் போயிடும், கொஞ்சம் பொறுங்க, வட்டியோட தர்றோம்" என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி ஒரிஜினல் ரசீதையே அவரிடம் கொடுத்துவிட்டார். ரசீது இல்லாமல் பட்டியலில் பெயர் ஏற்ற, பாங்க் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியாகத் தேடி அடிக்கோடு போட்டு, தேதிவாரியாக ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். அதற்கே ஒரு மார்கழி முழுக்க ஆயிற்று.